ஆடியில் கிளப்பிய கறிவேப்பிலை: வளைகுடாவில் செடி பெயர்த்து நடுதல்

நோர்வேயில் வாழும் நண்பர் ஒருவர் வைகாசி மாதத்தில் தொலைபேசியில் பேசியபோது, பனி கரைந்து மண் இளகிவிட்டதென்றும் வீட்டின் பின்புறத்திலுள்ள பூஞ்செடிகளைப் பிரித்து நடத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார். "நீங்களும் தொடங்கியிருப்பீர்களே?" என்று கேட்டார். அன்று சார்ஜாவில் வெப்பநிலை 43 பாகை. அவர் மண்வெட்டியை வெளியே எடுக்கும் மாதத்தில்தான் நான் அதைக் கழுவி மூலையில் சாத்தி வைப்பேன். அவருடைய நாட்காட்டி எனக்குத் தலைகீழானது.

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் எம்மவர்களுக்குத் தோட்டக்கலைப் புத்தகங்கள் ஏராளம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இவ்விடயத்தில் வழிகாட்ட எவரும் இல்லை. ஊர் அனுபவத்தை வைத்தும் வெள்ளைக்காரரின் புத்தகங்களை வைத்தும் இங்கு செடிகளைப் பெயர்த்து நட்டு, அவை பட்டுப்போனதும் "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று கைவிடுபவர்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். 1991இல் இங்கு வந்த நாளிலிருந்து வீட்டுத் தோட்டங்களைப் பராமரிப்பதே என் தொழில். அதில் கற்றதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். கற்றதில் ஒரு பகுதி என் தவறிலிருந்து வந்தது. எனவே அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு ஆட்சேபத்துக்குப் பதில். வாடகை வீட்டில், அதுவும் பிறருடைய நாட்டில், பல்லாண்டு நிற்கும் செடியை நடுவது மடைத்தனம் என்பது எம்மவர் பலரின் கருத்து. வளைகுடாவின் ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையொப்பமிடவில்லை. ஊரில் இருக்க முடியாமல் வந்தவனும் இங்கு அகதியல்ல, வேலையாள். வேலை உள்ளவரை வதிவிட அனுமதி. வேலை போனால் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ புறப்பட வேண்டும். அப்படியானால் கத்தரி, தக்காளி போதாதா, மரமெதற்கு என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. என் பதில் இதுதான்: புறப்படும் நாளை நாம் தீர்மானிக்க முடியாது. ஆனால் செடியை எப்போது கிளப்பலாம், எப்போது கிளப்பக்கூடாது என்று அறிந்திருந்தால், புறப்படும் நாள் எதுவானாலும் அந்தச் செடியைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கும். அறியாவிட்டால் நம் கையாலேயே அதைக் கொன்றுவிடுவோம்.

1998இல் நான் அதைச் செய்தேன்.

எனக்கு மூத்த நண்பர் ஒருவர், நாங்கள் அண்ணை என்று அழைப்பவர், 1987இலிருந்து சார்ஜாவில் ஒரே வீட்டில் இருந்தார். வந்த வருடமே ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்திருந்தார். பதினொரு வருடத்தில் அது ஏழு அடிக்கு மேல் வளர்ந்து, அந்தத் தெருவிலுள்ள தமிழ், மலையாளக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் இலை கொடுத்தது. ஆடி மாதத்தில் அவருக்கு வேலை போயிற்று. ஊருக்குத் திரும்ப முடியாத நிலையில் கனடா போக வழி தேடிக்கொண்டிருந்தார். ஒரு மாலை என்னிடம் வந்து, "தம்பி, இதை இப்பிடியே விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை. உன்ரை வளவிலை கொண்டுபோய் வை" என்றார். ஆடியில் கிளப்பினால் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். ஏழு வருடமாக இதே தொழில் செய்பவன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு இருவருமாகக் கிளப்பினோம். மணல் மண், வேரைப் பிடித்து நிற்கவில்லை. தூக்கியவுடன் முழுவதும் உதிர்ந்து வேர் வெறுமையாகத் தொங்கியது. ஒன்பதாம் நாள் மரம் காய்ந்துவிட்டது.

அது ஏன் காய்ந்தது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் தடித்த வேர் அல்ல. அதன் நுனிகளிலுள்ள, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத வேர்மயிர்களே. செடியைக் கிளப்பும்போது அவற்றில் பெரும்பகுதி அறுந்துவிடும். இலைகளோ நீரை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பாடசாலையில் ஆவியுயிர்ப்பு என்று படித்தோமே, அதுதான். குளிர்ந்த நாளில் அந்த இழப்பு சிறிது. புதிய வேர்மயிர்கள் வரும்வரை செடி தாக்குப்பிடிக்கும். 45 பாகை வெயிலில், வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்றில், ஒரு பகலிலேயே கணக்குத் தீர்ந்துவிடும். மேல்மணல் வெயிலில் 60 பாகையையும் தாண்டும். கறுப்புப் பிளாஸ்ரிக் சாடியில் வைத்த செடியின் வேர் உண்மையிலேயே வேகிறது. ஆவணியில் கரையோரம் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நடலாம் என்று சிலர் நினைப்பார்கள். காற்று ஈரமானாலும் மண் ஆறுவதில்லை, இரவும் ஆறுவதில்லை. எனவே அதுவும் பிழை.

இங்குள்ள நாட்காட்டி

ஊரில் மாரி மழையை வைத்துக் கணக்கிட்டோம். இங்கு வருட மழை பெரும்பாலான இடங்களில் 100 மி.மீ. அளவைத் தாண்டுவதில்லை. ஆகவே மழையை விட்டு வெப்பத்தை மட்டும் பாருங்கள்.

செப்ரெம்பர் பிற்பகுதி: கிளப்பும் வேலை இல்லை, ஆயத்தம் மட்டும். ஒக்ரோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிவுவரை: கறிவேப்பிலை, மல்லிகை, செவ்வரத்தை, எலுமிச்சை, அலரி போன்ற பல்லாண்டுச் செடிகளுக்கு மிகச் சிறந்த காலம். அடுத்த கோடைக்கு முன் வேரூன்ற ஆறு மாதங்கள் கிடைக்கும். டிசம்பர், ஜனவரி: குளிர்விரும்பும் குமிழ்கள். பெப்ரவரி முதல் மார்ச் நடுவரை: வாழைக்குட்டி, மணிவாழை, நிலச்சம்பங்கி போன்று மண் சற்றுச் சூடாக இருந்தால்தான் வேர்விடுபவை. ஒக்ரோபரைத் தவறவிட்டவர்களுக்கு இது இரண்டாவது வாய்ப்பும் ஆகும். ஏப்ரல் தொடக்கம் செப்ரெம்பர் நடுப்பகுதிவரை நிலத்தில் நிற்கும் எதையும் தொடாதீர்கள்.

இங்கு யூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை பகல் 12.30க்கும் 3 மணிக்கும் இடையில் வெயிலில் வேலை வாங்கக் கூடாதென்று சட்டம் உண்டு. உங்கள் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்ட வருபவரும் எம்மைப் போன்ற ஒருவர்தான். செடிக்கு ஆகாத காலம் அவருக்கும் ஆகாது.

கிளப்பும் முறை

ஒக்ரோபர் நடுவில் கிளப்ப வேண்டிய செடிக்குச் செப்ரெம்பரின் பிற்பகுதியிலேயே வேலை தொடங்க வேண்டும். அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுற்றிவர மண்வெட்டியை நேராக இறக்கி வேரை வெட்டிவிடுங்கள். செடியைத் தூக்க வேண்டாம், அது அங்கேயே நிற்கட்டும். வெட்டுப்பட்ட இடத்துக்கு உட்புறமாக மூன்று நான்கு வாரங்களில் புதிய நுண்வேர்கள் வரும். கிளப்பும்போது அந்த வேர்கள் மண்கட்டியோடு சேர்ந்து வரும்.

கிளப்புவதற்கு முதல் நாள் மாலை ஆழமாக நீர் விடுங்கள். உலர்ந்த மணல் உதிரும், நனைந்த மணல் பிடித்து நிற்கும். நானும் அண்ணையும் இதைக்கூடச் செய்யவில்லை. தோண்டியதும் அடியில் சாக்கை நுழைத்து, மண்கட்டியை இறுகக் கட்டி, சாக்கைப் பிடித்தே தூக்க வேண்டும். தண்டைப் பிடித்துத் தூக்கக் கூடாது. கொப்புகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம். அதற்கு மேல் வெட்டினால் புதிய வேருக்கு உணவு ஊட்ட இலை இராது.

புதிய குழி மண்கட்டியை விட இரண்டு மடங்கு அகலமாகவும் அதே ஆழமாகவும் இருக்கட்டும். ஆழமாக நட்டால் தண்டின் அடி அழுகும். இங்குள்ள பெரிய பகைவன் உப்பு. கடலை நிரப்பிய நிலத்திலும் சப்கா எனப்படும் உப்புத்தரையிலும் கட்டிய வீடுகளில், நடுவதற்கு முன் குழியை நீரால் நிரப்பி வடியவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் உப்புக் கீழே இறங்கும். 'சுவீற் சொயில்' என்று லொறியில் விற்பது உப்பில்லாத மேட்டு மணல்தான், அதில் சத்து இல்லை. மூன்றில் ஒரு பங்கு நன்கு உக்கிய எருவைக் கலந்து பாவியுங்கள். இரசாயன உரம் முதல் ஆறு வாரத்துக்கு வேண்டாம். அதுவும் ஒருவகை உப்புத்தான்.

நடுவது எப்போதும் மாலையில். யாழ்ப்பாணத்தில் புகையிலை, மிளகாய்க் கன்றுகளை எமது பெரியவர்கள் பொழுது சாயும் நேரத்தில் நட்ட காரணமே இங்கும் பொருந்தும்: செடிக்கு ஒரு முழு இரவு கிடைக்கிறது. அடுத்த இரு வாரம் பச்சை வலையாலோ ஈச்சோலையாலோ நிழல் கொடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு மாதத்தின் பின் வாரத்தில் இரு முறை ஆழமாக நீர் விடுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய நீர் கொதிக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து அப்பால் வையுங்கள், குளிர்ந்த நீர் வந்த பின்னரே செடிக்கு.

சில மாதங்களில் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றாதீர்கள். இங்குள்ள சுண்ணாம்பு மண் காரத்தன்மை உடையது. அதில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிட்டாது. 'அயர்ன் கீலேற்' என்ற செங்கபிலத் தூள் கடைகளில் உண்டு. உறையில் ஈ.டி.டி.எச்.ஏ. என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கார மண்ணில் வேலை செய்வது அந்த வகைதான்.

எல்லாச் செடியையும் பெயர்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். போகன்வில்லாவின் வேர் தொட்டால் பொறுக்காது. முருங்கையின் வேர் கிழங்குபோல் ஆழ இறங்குவது. அதைக் கிளப்புவதை விட, மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு தடியை வெட்டி மாசியில் ஊன்றுவதே புத்தி.

குமிழ்களும் கிழங்குகளும்

குமிழ்ச் செடிகளின் இரகசியம் உறக்கம். இலை பழுத்து உலர்ந்த பின், அடுத்த முளை வருமுன், அவை உணவை உள்ளே சேமித்து வைத்து உறங்கும். அப்போது வேர் போனாலும் நட்டமில்லை. ஆகவே கோடையிலும் கையிலெடுக்கக்கூடிய செடிகள் இவை மட்டுமே. பூத்த உடன் இலையை வெட்டுபவர்கள் அடுத்த வருடப் பூவை வெட்டுகிறார்கள். இலை தானாக வாடும்வரை பொறுங்கள்.

அமரில்லிஸ் என்று விற்கப்படும் பெரிய செந்நிறப் பூவின் குமிழை, மேல் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்கு வெளியே தெரியும்படி நட வேண்டும். முழுவதும் புதைத்தால் கழுத்து அழுகும். நிலச்சம்பங்கியில் ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை, பக்கத்துக் குட்டிகளே பூக்கும். அதனால் இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை கிளப்பிப் பிரிக்க வேண்டும்.

ஒல்லாந்திலிருந்து வரும் உறவினர் தியூலிப் குமிழ்களைக் கொண்டுவந்து தருவதுண்டு. அவற்றுக்கு மூன்று மாதத்துக்கு மேல் குளிர் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் கடதாசிப் பையில் வைத்து, டிசம்பர் முடிவில் நட்டால் ஒருமுறை பூக்கும், அவ்வளவே. அருகில் அப்பிள் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும்.

எம்மவர் அதிகம் கேட்பது கார்த்திகைப்பூ பற்றி. சிலருக்கு அது ஒரு அடையாளம். தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. எனக்கு அது எங்கள் வேலியில் படர்ந்த கொடி. அதன் கிழங்கு கலப்பை வடிவில் வளைந்திருக்கும். முளைக்கும் கண் நுனியில் மட்டுமே இருக்கிறது. அந்த நுனி முறிந்தால் கிழங்கு பயனற்றது. செப்ரெம்பர் முடிவில், பெரிய சாடியில், இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக வைத்து, அரை நிழலில் விட்டேன். என்னிடம் அது கார்த்திகையில் பூக்கவில்லை, தையில்தான் பூத்தது. கொடி காய்ந்ததும் நீரை நிறுத்தி, கிழங்கை உலர்ந்த மணலில் வைக்கலாம். ஒரு எச்சரிக்கை: கிழங்கில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. வேறு கிழங்கென்று நினைத்து உண்டு இறந்தவர்கள் உள்ளனர். சமையலறையில் வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வையுங்கள்.

குமிழுக்கு வெயிலை விட ஈரமே எமன். 2024 ஏப்ரல் 16இல் அமீரகம் முழுவதும் பெய்த மழையில், அல் அய்ன் பகுதியின் ஓரிடத்தில் ஒரே நாளுக்குள் 250 மி.மீ.க்கு மேல் பதிவானது. பாத்தியிலிருந்த என் நிலச்சம்பங்கிக் கிழங்குகள் அத்தனையும் அழுகிப்போயின. உயர்ந்த சாடிகளில் இருந்தவை தப்பின. அதன் பின் பாதியைச் சாடியில்தான் வைக்கிறேன்.

பேரீச்சையும் பனையும்

பெயர்த்து நடுவதில் இந்த மண்ணின் மக்களே ஆசிரியர்கள். அல் அய்ன் சோலையில் பலாஜ் வாய்க்கால் நீரில் நிற்கும் பேரீச்சைகள் அடிமரத்தில் வெடிக்கும் குட்டிகளிலிருந்து வந்தவை. அரபியில் அக்குட்டியை பஸீலா என்பர். விதையில் முளைப்பது ஆணா பெண்ணா என்று முன்கூட்டித் தெரியாது, தாயின் பழமும் வராது. குட்டி தாயேதான். மூன்று நான்கு வயதுள்ள, தனக்கென வேர் விட்ட குட்டியை மாசி, பங்குனியிலோ செப்ரெம்பர், ஒக்ரோபரிலோ பிரிப்பார்கள். ஓலைகளை வெட்டி, மிஞ்சியவற்றைக் குருத்தைச் சுற்றிக் கட்டி, சாக்கால் போர்த்துவார்கள். ஓமானியப் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்ன ஒரே விதி: குருத்துக்குள் நீர் போகக் கூடாது, அது எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்.

எங்கள் பனை இதற்கு நேர்மாறு. அதற்குக் குட்டி இல்லை. விதையிலிருந்து இறங்கும் முளை மண்ணுக்குள் ஆழச் சென்று கிழங்காகிறது. அதைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதைச் சொன்னதும் நண்பர்கள் பேரீச்சையையும் பனையையும் வைத்து எங்கள் நிலையைப் பற்றிக் கவிதை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மரம் தானாகப் பெயர்வதில்லை, எவரோ கிளப்புகிறார். கிளப்புபவர் சரியாகச் செய்தாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பிழையாகக் கிளப்பினால் செடி மட்டும் சாவதில்லை. எங்கள் தென்னைகளைத் துளைத்த சிவப்புக் கூன்வண்டு 1985இல் அமீரகத்தில் முதன்முறையாகக் காணப்பட்டது. பின்னர் வளைகுடா முழுவதும் பரவிப் பேரீச்சைகளை அழித்தது. அந்தப் பரவலுக்குப் பெருவழி, வண்டு உள்ளே இருப்பது தெரியாமல் இடம்விட்டு இடம் கொண்டுசெல்லப்பட்ட மரங்களும் குட்டிகளுமே. ஆகவே துளையோ பிசினோ உள்ள குட்டியை வாங்காதீர்கள். ஊரிலிருந்து மண்ணோடு செடியைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவராதீர்கள். முறையான தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவருவது சட்டவிரோதம் மட்டுமல்ல, அயலவரின் மரத்துக்குச் செய்யும் தீங்கு.

கோடையில் புறப்பட நேர்ந்தால்

பலருக்குப் புறப்பாடு யூன், யூலையில்தான் வருகிறது. அப்போது என்ன செய்வது? நிலத்தில் நிற்பதைக் கிளப்பாதீர்கள். கறிவேப்பிலை அப்போது பழம் தரும். கறுத்த பழத்தின் சதையை நீக்கி விதையை நண்பரிடம் கொடுத்து உடனே நடச் சொல்லுங்கள். சில வாரங்களில் அது முளைக்கும் திறனை இழந்துவிடும். உறங்கும் குமிழ்களைக் கடதாசியில் சுற்றிப் பெயரெழுதிக் கொடுங்கள். சாடிச் செடிகளை மாலையில் நண்பரின் நிழலுக்கு மாற்றுங்கள், சாடியை விட்டு எடுக்க வேண்டாம். மரத்தை அடுத்து வருபவரிடம் ஒப்படையுங்கள். ஐப்பசியில் ஒரு நண்பர் வந்து ஒரு குட்டி எடுத்துக்கொள்ள அனுமதியும் கேட்டு வையுங்கள்.

இந்தக் கடைசி வழியை எனக்குக் காட்டியது செத்துப்போன அந்த மரந்தான். அண்ணை கனடா போய் அகதியாக விண்ணப்பித்துக் காத்திருந்த மாதங்களில், தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் "மரம் எப்பிடி?" என்று கேட்பார். "நிக்குது அண்ணை" என்று நான் பொய் சொல்லி வந்தேன். அந்த வருடம் கார்த்திகையில் பழைய வீட்டுப் பக்கம் வேலையாகப் போனேன். நாங்கள் தோண்டிய குழியைச் சுற்றி ஐந்து குட்டிகள் நின்றன. மண்ணுக்குள் அறுந்து கிடந்த வேர்களிலிருந்து முளைத்திருந்தன. கறிவேப்பிலை அப்படிப்பட்டது, வேர் காயப்பட்ட இடத்தில் குட்டி வெடிக்கும். வீட்டுக்கு வந்திருந்தவர்களிடம் கேட்டு, தையில் மூன்று குட்டிகளின் வேரைச் சுற்றி வெட்டிவிட்டு, 1999 மாசியில் மண்ணோடு எடுத்து வந்தேன். இரண்டு பிழைத்தன. ஒன்று இன்றும் என் வளவில் நிற்கிறது.

அவை புதுத் தளிர் விட்ட பிறகுதான் அண்ணைக்கு உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அந்த வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?"

"ஒரு மலையாளக் குடும்பம் அண்ணை."

"அவைக்கும் குட்டி விட்டிட்டு வந்தனியோ?"

"ஓம் அண்ணை. இரண்டு விட்டிட்டுத்தான் வந்தனான்."

"அப்ப சரி" என்றார்.